ஒன்பது ராணி ரூபாய்

பரிசத் தட்டு திரும்பி வந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் கோவிந்தம்மா மறுநாள் காலை வழக்கம்போல அடுப்பைப் பற்ற வைத்தாள். பருப்பை ஏற்றினாள். வேலியோரம் பறித்த கீரையை ஆய்ந்தாள். கருவாடு இரண்டு துண்டைத் தணலில் போட்டாள். அந்த வாசனை எழும்பிய பிறகுதான் வீட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவள் புருஷன் வீரசாமி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து வெறும் வயிற்றில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலை ரயிலிலிருந்து இறங்கியது முதல் அவர் பேசியது நாலே வார்த்தை. அதில் மூன்று வசவு.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வயலுக்குப் போங்க. உங்க கோவம் தணியிற வரைக்கும் கரும்பு காத்துக்கிட்டிருக்காது" என்றாள்.

"கரும்பு கெடக்கட்டும். எங்கப்பன் பேரு போயிடுச்சு" என்றார் அவர்.

ரிவியேர் டு ராம்பார் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையில் அவர்களுக்கு இரண்டு ஆர்ப்பான், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், கரும்பு இருந்தது. கல் விளைகிற மண். பொறுக்கப் பொறுக்க வரும். வீரசாமியும் அவர் அப்பாவும் பொறுக்கிப் போட்ட கல்லே வயலின் நடுவில் ஒரு கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மகன் ராமசந்திரன் பிறந்த வருஷம் கரும்பு வெட்டி முடிந்ததும் வீரசாமி ஒரு வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்து மாரியம்மன் விளக்கின் முன் வைத்து, "இவன் பரிசத்துக்கு" என்றார். அதன்பின் ஒவ்வொரு லாகூப் முடியும்போதும் ஒரு ரூபாய். வெட்டுப் பருவத்தை அந்தத் தீவில் எல்லோரும் லாகூப் என்றுதான் சொல்வார்கள். சூறாவளி அடித்துக் கரும்பெல்லாம் படுத்துவிட்ட வருஷம்கூட, ரோட்டுக்குக் கல் உடைக்கப் போயாவது அந்த ஒரு ரூபாயைக் கொண்டுவந்துவிட்டார்.

அதிலும் இங்கிலீஷ் ராணி முகம் போட்ட ரூபாய்தான் வேண்டும் அவருக்கு. ராணி காலமாகி ஏழெட்டு வருஷமாகிவிட்டது. சீனர் கடையில் சில்லறை மாற்றினால் புது ராஜா ரூபாய்தான் அதிகம் கையில் விழும். அந்த ராஜா தலையில் கிரீடம் இல்லாமல் வெறுந்தலையோடு இருப்பார். "மொட்டைத் தலையைக் கொண்டுபோயா பொண்ணு கேக்கிறது?" என்று வீரசாமி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராணி கிடைக்கிற வரைக்கும் கடை வாசலிலேயே நிற்பார். இப்படிச் சேர்ந்தவை இருபத்தோரு ராணிகள். ஒவ்வொன்றும் ஒரு ராத்திரி விளக்கின் முன்னால் இருக்கும். மறுநாள் விளக்கை எடுத்துவைக்கிறவர் அதைக் கந்தல் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு, அம்மிக்குக் கீழே இருக்கிற குழியில் வைத்துவிடுவார். அவ்வளவுதான். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பார்த்திருக்க வேண்டும். பரிசத்துக்குப் புறப்பட்ட அன்று முதல் ரயிலைப் பிடிக்கிற அவசரம். இருட்டில் துணிகளை உதறிக் காசுகளை மஞ்சள் பையில் கொட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பெண் சேன் பியேர் ஊர்க்காரி. பெயர் மாரியாயி. காவடித் திருவிழாவில் அவளைப் பார்த்த நாள்முதல் ராமசந்திரன் தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வாரத் தொடங்கியிருந்தான். தகப்பன் இல்லாத பெண். அம்மா காமாட்சி இருந்தாலும் தாலி இழந்தவள் சபைக்கு வர முடியாது என்பதால் பேச்செல்லாம் தாய்மாமன் பழனியாண்டியோடு. அந்த ஊர்க் கோயிலில் உண்டியல் திறக்கிற நாளில் காசு தரம் பிரிக்கிறவர் அவர். கள்ளக் காசைக் காதாலேயே கண்டுபிடிப்பார் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு காசு கையில் அகப்பட்டுவிட்டால் அதன் பூர்வோத்திரம் தெரியாமல் கீழே வைக்க மாட்டார். எதிரே இருப்பது சம்பந்தியா சாமியா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

அன்றும் அப்படித்தான். ஒவ்வொரு ரூபாயாகக் கல்லில் தட்டிப் பார்த்தார். எல்லாம் கணீர் என்றது. சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது என்ன சம்பந்தி, ராணி மேல கறுப்பு?"

"பழைய வெள்ளி, கறுக்காம என்ன பண்ணும்?" என்றார் வீரசாமி.

"பழசாகிக் கறுத்தா ஓரத்துல இருந்து மெதுவா உள்ள வரும், பழுப்பா. இது அப்படி இல்ல. உருண்டையா, பொட்டுன்னு நிக்குது. சுத்திவரப் பளபளன்னு இருக்கு. மேல எதையோ ஒட்டி வெச்சு எடுத்திருக்கு." அவர் இன்னும் எட்டுக் காசைப் பொறுக்கித் தனியாக வைத்தார். "ஒம்போதுல இருக்கு. பாதிக்கு மேல ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டாம் வருஷத்துக் காசு. சந்தனம் தடவி ஒட்டினா இந்த மாதிரி நிக்கும்." சற்று நிறுத்தி, ஒரு கணக்குக்கு விடை சொல்கிற குரலில் சொன்னார். "இது நெத்திக்காசு."

செத்தவர் நெற்றியில் சந்தனம் தடவி ஒட்டுகிற காசு அது. குழியில் இறக்கும்முன் எடுத்து வெட்டியானுக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல காரியம் நடக்கிற வாசலை அது மிதிக்கவே கூடாது. போதாததற்கு வீரசாமியின் அப்பா, அறுபத்தேழாம் வருஷத்துப் பெரிய காய்ச்சலில், எஸ்டேட் லயத்தில் பிணம் தொட ஆளில்லாதபோது ஒருவராக நின்று நாற்பது பேரைத் தூக்கிக் கொண்டுபோய்ப் புதைத்தவர். அது எல்லோருக்கும் தெரியும். அது வரைக்கும் அதைப் புண்ணியம் என்றுதான் சொல்லிவந்தார்கள்; இப்போது அந்த நெற்றிகளில் இருந்த காசு எங்கே போயிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீரசாமி காசுகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. காசு சொன்னதைச் சொன்னேன்" என்றார் பழனியாண்டி, நிஜமாகவே வருத்தப்பட்டு. "வேற காரணம் இருந்தா வந்து சொல்லுங்க. வர்ற ஞாயிறு வரைக்கும் வார்த்தை நிக்கும். அதுக்கு மேல என் தங்கச்சி மகளுக்கு நான் வேற இடம் பாத்துத்தான் ஆகணும்."

இதுதான் நடந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆறு நாள் இருந்தது.

சுருட்டு முடிந்ததும் வீரசாமி எழுந்து கொல்லைப்புறம் போனார். கோவிந்தம்மா எட்டிப் பார்த்தபோது ஒரு கையில் புளியும் மறு கையில் சாம்பலும் வைத்துக்கொண்டு அந்த ஒன்பது காசுகளின் எதிரில் குந்தியிருந்தார்.

"ஆயோ, என்ன பண்றீங்க?"

"தேய்க்கப் போறேன். கறை போனா பேச்சும் போயிடும்."

"கறை போகும், பேச்சு போகாது. தேச்சுக் கொண்டுபோனா, மறைக்கத்தான் தேச்சாங்கன்னு சொல்லுவாரு அந்த மனுஷன். ராணி மூக்கும் மழுங்கிப் போகும். குடுங்க இப்படி." அவள் காசுகளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "கறை எதனாலன்னு அந்தக் கறைதான் சொல்லணும். அது வாயையும் அடைச்சிட்டா யாரைக் கேக்கிறது?"

வீரசாமி கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அங்கே ராமசந்திரன் விடிந்ததிலிருந்து ஒருவரோடும் பேசாமல் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் வெட்டிய வேகத்துக்கு வண்டிக்காரரே "மெதுவா வெட்டுப்பா, மாடு பயப்படுது" என்று சொல்லும்படி ஆயிற்று.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை இறக்கிவைத்துவிட்டு, கோவிந்தம்மா கல் குவியல் மேல் உட்கார்ந்து காசுகளை வெயிலில் பரப்பினாள். ஆவணி அந்தத் தீவில் குளிர்காலம்; காற்று கடலிலிருந்து சில்லென்று வந்தது. கறை பயறு அளவுதான். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி நூல் மாதிரி ஒரு பச்சை விளிம்பு. பக்கத்து வயலில் தோகை கட்டிக்கொண்டிருந்த ஜோர்ஜெத் வந்து எட்டிப் பார்த்தாள். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவமான குடும்பம். தமிழ் பாதி மறந்து போனவள். ஆனால் எஸ்டேட் பங்களாவில் பதினைந்து வருஷம் வெள்ளிச் சாமான் துலக்கியவள்.

"முட்டை பட்டா வெள்ளி கறுக்கும், கோவிந்தம்மா. ஸ்பூன் எல்லாம் கறுக்கும். ஆனா இந்த வேர் வராது" என்றாள். வேர் என்றால் அவர்கள் பேச்சில் பச்சை.

"கடல் காத்துல?"

"நோன், இல்ல. கடல் காத்து எல்லாத்தையும் சாம்பல் ஆக்கும், முழுசா. இப்படி ஒரு இடம் பாத்து உக்காராது." ஜோர்ஜெத் ஒரு காசை முகர்ந்தாள். "காசுல கொஞ்சம் செம்பு கலந்திருக்கும்ல, அதுதான் பச்சையா வெளிய வருது. என்னமோ ரொம்ப நாள் ஈரமா ஒட்டியிருந்திருக்கு. என்னன்னு தெரியல."

சந்தனம் என்றால் ஈரம்தானே. பழனியாண்டி சொன்னதே நிஜமாகிவிடுமோ, சீனர் கடையில் வாங்கிய காசு அதற்கு முன்னால் யார் நெற்றியில் இருந்ததோ என்று அன்று ராத்திரி முழுக்கக் கோவிந்தம்மா பயந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் விஷயம் பிடிபட்டது. விளக்குத் துலக்குகிற நாள். அந்த வேலை தெய்வானையுடையது. தெய்வானை வீரசாமியின் தங்கை. இருபத்தைந்து வயதில் புருஷனைப் பறிகொடுத்து வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு இப்போது முப்பத்துநாலு வயது. அந்த மாதிரி நிலையில் மறுபடியும் கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் அந்தத் தீவில் உண்டு. அவளுக்கு மனம் வரவில்லை. பூஜைக்கு முன்னால் நிற்க மாட்டாள். பூஜை முடிந்தபின் விளக்கை எடுத்துவைப்பதும் துலக்குவதும் மட்டும் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டாள். அதை அவளைவிடச் சுத்தமாக யாராலும் செய்ய முடியாது.

கிணற்றடியில் அவள் குத்துவிளக்கின் மேல்தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா தண்ணீர் சேந்த வந்தவள், குடத்தை இறக்காமல் அப்படியே நின்றாள். தட்டின் குழியில், எண்ணெய் தேங்கி நிற்கிற இடத்தில், பச்சை. அதே பச்சை. தண்டில் இல்லை, அடியில் இல்லை, எண்ணெய் நின்ற இடத்தில் மட்டும்.

"இந்தக் களிம்பு ஏன்டி வருது?"

"எண்ணெய் நின்னா களிம்பு பிடிக்காதா அண்ணி? தெனமும் பாக்கிறதுதானே" என்றாள் தெய்வானை. குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

தினமும் பார்க்கிறதுதான். கோவிந்தம்மா உள்ளே ஓடி முடிச்சை அவிழ்த்தாள். இத்தனை நாள் காசுகளைக் கறையைப் பார்க்கத்தான் பார்த்தாளே தவிர, ராணியைப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் முகம் நேராக நிற்கும்படி திருப்பி வரிசையாக வைத்தாள். ஒன்பது ராணிகளும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ஒன்பது பேருக்கும் கறை நெற்றியில் இருந்தது. கன்னத்தில் இல்லை, கிரீடத்தில் இல்லை, காசின் நடுவிலும் இல்லை. புருவத்துக்கு மேலே, பொட்டு வைக்கிற இடத்தில்.

அம்மியை நகர்த்திக் குழியில் கைவிட்டாள். அன்றைய அவசரத்தில் உதறிப் போட்ட துணிகள் அங்கேயே கிடந்தன. பன்னிரண்டு துணிகள் சிவப்பும் நீலமும், அவளுடைய பழைய சேலைக் கிழிசல்கள். அவற்றில் கறை எதுவும் இல்லை. ஒன்பது துணிகளில் எண்ணெய்க் கசிவு, நடுவில் மங்கிய செந்நிறம். குங்குமம். அந்த ஒன்பதும் வெள்ளை.

கோவிந்தம்மா அந்த வெள்ளைத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். தெய்வானை பார்த்தாள். பார்த்ததும் அவள் கையிலிருந்த புளி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"தெரிஞ்சு அஞ்சு நாளாகுதா உனக்கு?"

"அன்னிக்கு நீங்க திரும்பி வந்து சொன்னப்பவே தெரிஞ்சுது. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது அண்ணி. நெத்திக்காசுன்னாலாவது சந்தேகம். என் கை பட்டதுன்னு சொன்னா நிச்சயமா வேணாம்னுடுவாங்களே. பையன் கல்யாணம் என்னால நின்னா நான் எங்க போவேன்?" அவள் அழுதாள். சத்தம் வராமல் அழுகிற பழக்கம் அவளுக்கு.

"எதுக்குடி வெச்சே?"

தெய்வானை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணக் காசு அண்ணி. அதுல ஒரு பொம்பளை வெறும் நெத்தியோட இருந்தா நல்லாவா இருக்கு? முதல் வருஷம் விளக்கை எடுத்து வைக்கிறப்பப் பாத்தேன். எனக்குத்தான் விதிச்சது இல்ல, இவளுக்கு என்னன்னு தோணிச்சு. தண்ணில குழைச்சா உதிர்ந்துடும்னு, விளக்குல மிச்சம் இருந்த எண்ணெய்ல குழைச்சு வெச்சேன். வருஷத்துக்கு ஒரு நாள். அது வெக்கிறப்ப..." அவள் நிறுத்தினாள். "நல்லா இருக்கும் அண்ணி."

ஒன்பது வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து அரிசி புடைத்து, இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று கோவிந்தம்மாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் குனிந்து தண்ணீரிலிருந்து புளியை எடுத்துத் தெய்வானையின் கையில் வைத்தாள்.

"பொட்டு வெச்சது நான். வெள்ளிக்கிழமை லட்சுமின்னு வெச்சேன், மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை அங்க போய் இதைத்தான் சொல்லப் போறேன். நீ வாயைத் தொறக்காத."

"பொய்யா அண்ணி?"

"நல்ல பொய்தான். வெளக்கைத் தேய்."

வீரசாமியிடமும் அதே பொய்யைத்தான் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் திட்டினார், பிறகு துணிகளைப் பார்த்துவிட்டு ஒரு குதி குதித்தார், அப்புறம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். ஆறு நாளில் அன்றுதான் அவர் வயிறு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தெய்வானை துவைத்து உலர்த்திய வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள். "நானும் வரேன் அண்ணி. வாசல்லயே நின்னுக்கறேன். நீங்க பொய் சொல்லிப் பழக்கமில்லாதவங்க, நான் பக்கத்துல இல்லாட்டி குழறிடுவீங்க." போர்ட் லூயிஸில் வண்டி மாறி, மலைப்பக்க ரயிலில் ஏறினார்கள். கோவிந்தம்மா வழி நெடுக உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். வீரசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தார்.

சேன் பியேரில் தூறிக்கொண்டிருந்தது. அது இல்லாத நாள் அந்த ஊரில் குறைவு. தெய்வானை முற்றத்து லிச்சி மரத்தடியில் நின்றுகொண்டாள். உள்ளே பழனியாண்டியும் உறவுக்காரர்கள் நாலு பேரும் இருந்தார்கள். சமையலறைக்கு மறைப்பாகக் கட்டிய கோணித் திரைக்குப் பின்னால் காத்தோ பிமா வேகிற வாசனை. அது என்னமோ அந்த ஊர்ப் பேர், சின்னப் பருப்பு வடைதான்.

கோவிந்தம்மா தட்டில் ஒன்பது காசையும் வைத்தாள். "அண்ணே, ராணி முகம் நேரா நிக்கிற மாதிரி திருப்பி வையுங்க. அப்புறம் பாருங்க."

பழனியாண்டி வைத்தார். பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். நகத்தால் பச்சை விளிம்பைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். எண்ணெய் நின்றால் விளக்கில் களிம்பு பிடிப்பதை அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலை ஆட ஆரம்பித்துவிட்டது.

"எண்ணெய்தான். சந்தேகமே இல்ல. நெத்திக்காசை எண்ணெய் வெச்சு ஒட்ட முடியாது, வழுக்கி விழுந்துடும். சந்தனத்துல ஒட்டினா கறை காசு நடுவுல நிக்கும், எந்தப் பக்கம் வேணாலும் நிக்கும். இங்க ஒண்ணுகூட நெத்தியை விட்டு விலகல." அவர் எழுந்து வீரசாமியின் முன்னால் வந்து கைகூப்பினார். "மன்னிச்சுக்கணும் சம்பந்தி. எங்க தாத்தாவையும் அந்தக் காய்ச்சல்ல உங்கப்பாதான் தூக்கினாராம். எங்கம்மா சொல்லிச் சொல்லி அழும். அப்படிப்பட்டவர் பேரை நான் இழுத்திருக்கக் கூடாது."

வீரசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்காத மனிதன் சும்மா இருந்திருக்கலாம். "இன்னும் சாட்சி இருக்குங்க!" என்று மடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துத் தட்டில் அவிழ்த்தார். ஒன்பது துணிகள். அவற்றை அவர் எடுத்து வருவது கோவிந்தம்மாவுக்குத் தெரியாது. அவள் கை நீட்டுவதற்குள் தட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது.

பழனியாண்டிக்குக் கைக்கு வந்த பொருளை ஆராயாமல் விடத் தெரியாதே. ஒவ்வொன்றாக விரித்தார். "ஆமா, குங்குமம். எண்ணெயும் இருக்கு. ஒம்போதும் ஒரே மாதிரித் துணி... வெள்ளை... கரை இல்ல..." அவர் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. கோவிந்தம்மாவின் பச்சைச் சேலையைப் பார்த்தார். "உங்க வீட்ல வெள்ளை கட்டுறது யாரும்மா?"

ஒப்பித்து வைத்ததில் இதற்குப் பதில் இல்லை.

"நான்தாங்க" என்றது முற்றத்துக் குரல். தெய்வானை மரத்தடியை விட்டு வந்து, தூறலில், படிக்குக் கீழே நின்றாள். "அண்ணிக்குத் தெரியாது. விளக்கு எடுத்து வைக்கிறப்ப நான் வெச்ச பொட்டு. தப்புன்னா என்னைச் சொல்லுங்க. பையனும் பொண்ணும் என்ன பண்ணுவாங்க?"

"பரிசக் காசுல தாலியறுத்தவ கையா?" என்று உறவுக்காரர்களில் ஒருவர் முனகினார். பழனியாண்டி துணியைப் பிடித்தபடி விழித்தார். காசைப் பற்றிக் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்கும்.

கோணித் திரை விலகியது. காமாட்சி வெளியே வந்தாள். புருஷன் போனதிலிருந்து ஒரு நல்ல காரியத்திலும் அந்தத் திரையைத் தாண்டி வராதவள். அதே கரையில்லாத வெள்ளை. விரல்களில் பருப்பு மாவு ஒட்டியிருந்தது.

"பரிசக் காசைத் தொட இந்தக் கை ஆகாதுன்னா, பொண்ணை வளக்க மட்டும் எப்படிண்ணே ஆச்சு?" என்றாள் பழனியாண்டியைப் பார்த்து. சத்தம் போடவில்லை. "பதினோரு வருஷமா இந்தக் கைதான் அவளுக்குச் சோறு போட்டுது. அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே."

முனகியவர் கூரையைப் பார்த்தார். பழனியாண்டி குனிந்து, அதுவரை தன் முன்னால் இருந்த பரிசத் தட்டை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"நீயே வாங்கிக்கம்மா" என்றார்.

காமாட்சி தட்டை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்த் தெய்வானையின் கையைப் பிடித்தாள். "உள்ள வா. எதுக்கு நனையிற?" உட்கார வைத்து, சூடாக இரண்டு வடையை அவள் கையில் திணித்தாள். பிறகு ஒரு காசை எடுத்துப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று கோவிந்தம்மா நினைத்தாள். சிரிப்பு.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? நான் பக்கத்து ஊரு மோக்காவுல ஒரு இங்கிலீஷ் துரை வீட்ல துணி தேய்க்கிறேன். அங்க இந்த ராணி படம் மாட்டியிருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பு. ஏன்னு துரையம்மாவைக் கேட்டேன். இவளும் தாலியறுத்தவதானாம். புருஷன் போனப்புறம் நாப்பது வருஷம் கறுப்பைத் தவிர வேற கட்டலையாம்."

தெய்வானை வடையை அப்படியே பிடித்தபடி வாயைப் பிளந்தாள். "ஆயோ கடவுளே! தாலியறுத்தவளுக்கா நான் ஒம்போது வருஷமா பொட்டு வெச்சேன்?"

"வெச்சா என்ன? அவ ஒண்ணும் வேணாம்னு சொல்லலையே."

முதலில் சிரித்தது கோவிந்தம்மா. அப்புறம் வீரசாமி, எதற்கென்று புரியாமலே. கடைசியாகத் தெய்வானை. இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று கோவிந்தம்மா நினைத்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ வளையல் குலுங்கச் சிரித்ததும் கேட்டது. அது மாரியாயியாகத்தான் இருக்கும்.

கோவிந்தம்மா மஞ்சள் பையிலிருந்த மிச்சக் காசுகளையும் தட்டில் கொட்டினாள். பன்னிரண்டு ராணிகள் வெறும் நெற்றியோடு வந்து விழுந்தார்கள். காமாட்சி அவர்களைப் பார்த்தாள், தெய்வானையைப் பார்த்தாள். எழுந்து போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். விளக்கிலிருந்து ஒரு சொட்டு எடுக்கத் தெய்வானை மோதிர விரலை நீட்டினாள்.

"எண்ணெய் வேணாம்மா!" என்று பழனியாண்டி பதறிக்கொண்டு தானே எழுந்து ஓடி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். "களிம்பு பிடிக்கும். தண்ணில குழைச்சு வையுங்க."